எடைக்கேற்ற ஷாக்: ஆர்எக்ஸ் 100-இல் இன்றைய சஸ்பென்ஷன்

ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கும் நண்பர்கள் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "டியூக் ஃபோர்க் உட்காருமா?"

உட்காரும். லேத்தில் கொஞ்சம் வேலை பார்த்தால் எந்த ஃபோர்க்கும் எந்த வண்டியிலும் உட்காரும். உட்கார்ந்த பிறகு வண்டி எப்படிப் போகும், எப்படித் திரும்பும், எப்படி நிற்கும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. இந்தப் பதிவை அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் ஓட்டுவது 1980-களின் கடைசியில் வந்த ஆர்எக்ஸ். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில், தேங்காய் மட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்த வண்டி. ஃபிரேமும் இன்ஜினும் டேங்கும் அதனுடைய சொந்தப் பொருள்கள். முன் ஃபோர்க், முன் பிரேக், ஸ்டீயரிங் பேரிங், பின் ஷாக் ஆகியவை இன்றைய பொருள்கள். இதைக் கட்டும்போது ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொண்டேன்: வண்டியின் எடைக்குப் பொருந்தாத எந்தப் பொருளும், எவ்வளவு அழகாக இருந்தாலும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், உள்ளே வரக்கூடாது. ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று விளக்குகிறேன்.

இந்த வண்டியின் சொத்து

1980-களின் நடுவில் நம் நாட்டுக்கு ஜப்பானியக் கூட்டில் 100 சிசி வண்டிகள் வரிசையாக வந்தன. ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி ஏஎக்ஸ் 100. அடுத்து ஹீரோ ஹோண்டா சிடி 100. 1985-இல் எஸ்கார்ட்ஸ் கொண்டுவந்த யமஹா ஆர்எக்ஸ் 100. பிறகு கவாசாகி பஜாஜ் கேபி 100. சிடி 100 மட்டும் ஃபோர் ஸ்ட்ரோக், மற்ற மூன்றும் டூ ஸ்ட்ரோக். இவற்றில் ஆர்எக்ஸ் இன்றும் லட்சக்கணக்கில் விலை பேசப்படுகிறது. காரணத்தைத் தேடினால் எல்லோரும் இன்ஜினைச் சொல்வார்கள். 50 மி.மீ. போர், 50 மி.மீ. ஸ்ட்ரோக், 98 சிசி, ரீட் வால்வு, 11 குதிரைசக்தி. சரிதான். ஆனால் இன்ஜின் பாதிக் கதைதான்.

மீதிக் கதை, வண்டியின் எடை 103 கிலோ என்பது. இன்று ஷோரூமில் நிற்கும் 150 சிசி வண்டிகள் பெரும்பாலும் 140 கிலோவை ஒட்டியவை. எடைக்கும் சக்திக்கும் கணக்குப் போட்டால் 1996-இல் உற்பத்தி நின்றுபோன ஆர்எக்ஸ் அவற்றில் பலவற்றுக்கு இன்றும் சரிசமமாக நிற்கிறது. ஆக்சிலேட்டரைத் திருகியதும் முன் சக்கரம் லேசாவது, இடுப்பை அசைத்தாலே வண்டி சாய்வது, சந்தில் காலை ஊன்றி அப்படியே திருப்பிவிட முடிவது எல்லாம் அந்த எடையால் கிடைத்தவை.

ஆகவே கஸ்டம் செய்கிறேன் என்று 15 கிலோ இரும்பை ஏற்றினால் ஆர்எக்ஸை ஆர்எக்ஸாக வைத்திருக்கும் விஷயத்தையே எடுத்துவிடுகிறோம். அதற்குப் பிறகு சைலன்சர் சத்தம் மட்டும்தான் மிஞ்சும்.

டூ ஸ்ட்ரோக்கும் நல்ல ஷாக்கும் பழைய உறவு

பழைய டூ ஸ்ட்ரோக்கில் புதிய சஸ்பென்ஷன் வைப்பது வண்டியின் மரபுக்கு எதிரானது என்று சில ரெஸ்டோரேஷன் நண்பர்கள் வருத்தப்படுகிறார்கள். அவர்களுடைய அக்கறையை மதிக்கிறேன். ஒரு போல்ட்டின் தலையில் உள்ள எழுத்துகூட மாறாமல் வண்டியைப் பாதுகாப்பது பெரிய உழைப்பு. ஆனால் வரலாறு வேறு ஒன்றைச் சொல்கிறது.

இன்று பல வண்டிகளில் காணும் மோனோஷாக் யமஹாவிடம் எப்படி வந்தது தெரியுமா? பெல்ஜியத்தைச் சேர்ந்த பொறியாளர் லூசியன் டில்கென்ஸ் வடிவமைத்த ஒற்றை ஷாக் முறையை யமஹா வாங்கித் தன் 250 சிசி மோட்டோகிராஸ் வண்டியில் வைத்தது. அந்த வண்டி டூ ஸ்ட்ரோக். 1973-இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஹோகன் ஆண்டர்சன் அதை ஓட்டி உலக சாம்பியன் ஆனார். அதே ஸ்வீடனில் 1976-இல் கென்ட் ஓலின் தொடங்கிய ஓலின்ஸ் நிறுவனத்துக்கு முதல் உலகப் பட்டம் 1978-இல் வந்தது. ரஷ்யர் கென்னடி மொய்சேயெவ் ஓட்டிய அந்தக் கேடிஎம்மும் 250 சிசி டூ ஸ்ட்ரோக்தான்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. டூ ஸ்ட்ரோக் இன்ஜின் எடை குறைந்தது, சட்டென்று சக்தியைக் கொட்டுவது. எடை குறைந்த வண்டி மேட்டில் ஏறினால் சுலபமாகத் தூக்கிப் போடும். டயர் தரையில் இல்லாத நேரத்தில் சக்தி எவ்வளவு இருந்தும் பயனில்லை. அதனால் நல்ல டாம்பிங், அதாவது துள்ளலை அடக்கும் எதிர்ப்பு, டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்குத்தான் முதலில் அவசரமாகத் தேவைப்பட்டது. நம் ஊர் ஆர்எக்ஸுக்கு 1985-இல் கிடைத்தது அன்றைய விலைக்கும் பயணத்துக்கும் போதுமான ஷாக். இன்றைய நுட்பத்தை அதற்குக் கொடுப்பது, அந்தக் குடும்பத்தில் தொடக்கத்திலிருந்தே இருந்ததைத் திருப்பிக் கொடுப்பது மாதிரிதான்.

எதையும் வாங்குவதற்கு முன்னால்

முப்பது நாற்பது வருட வண்டி வளைவில் ஆடுகிறது என்றால் உடனே ஃபோர்க்கைக் குற்றம் சொல்கிறோம். என் மெக்கானிக் அண்ணன் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிக் காட்டினார்.

"பார் தம்பி, சக்கரம் மட்டும் ஆடல. ஸ்விங் ஆர்மோட ஆடுது. புஷ் தேஞ்சிருக்கு. இதோட நீ தங்கத்துல ஃபோர்க் போட்டாலும் ஆடத்தான் செய்யும்."

"முதல்ல இதையே பார்த்துடலாம்ணே."

அப்படித்தான் தொடங்கினோம். ஸ்விங் ஆர்ம் புஷ், அதன் போல்ட், சக்கர பேரிங்குகள், ஸ்டீயரிங் கோன் செட். இந்த நான்கும் புதிதானதுமே வண்டி பாதி சரியாகிவிட்டது. கோன் செட்டில் வழக்கமான உதிரி பால்களுக்குப் பதிலாக டேப்பர் ரோலர் பேரிங் வைத்தோம். பால் ஒரு புள்ளியில் தாங்கும், ரோலர் ஒரு கோட்டில் தாங்கும். டிஸ்க் பிரேக் வரப்போகிறது என்றால் அந்த வித்தியாசம் முக்கியம். ஒரு எச்சரிக்கை: ரோலரை அளவுக்கு மீறி இறுக்கினால் ஹேண்டில் தானாக நேருக்கு வராது. முன் சக்கரத்தைத் தூக்கிவைத்து, லேசாகத் தட்டினால் ஹேண்டில் தன் எடையிலேயே ஓரத்துக்கு விழவேண்டும். அந்த இறுக்கம் போதும்.

ஃபிரேம் நேராக இருக்கிறதா என்று பார்ப்பது அடுத்த வேலை. இரண்டு நீளமான நேர்ச்சட்டங்களைப் பின் டயரின் இரு பக்கமும் வைத்து முன் டயரோடு ஒப்பிட்டாலே பெரிய வளைவு தெரிந்துவிடும். கழுத்துப் பகுதியில் பெயின்டைச் சுரண்டி வெல்டுகளைப் பார்த்தோம். விரிசல் எப்போதும் அங்கேதான் தொடங்கும். ஆர்சி புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணும் ஃபிரேமில் குத்தியிருப்பதும் ஒன்றா என்று ஒரு எழுத்து விடாமல் ஒப்பிட்டதும் அப்போதுதான்.

டியூக் ஃபோர்க் ஏன் வேண்டாம் என்றேன்

கேடிஎம் டியூக்கின் யூஎஸ்டி (தலைகீழ்) ஃபோர்க் அருமையான பொருள். 43 மி.மீ. குழாய். தடித்த குழாய் மேலே டி-யில், அதாவது ஃபோர்க்கை ஸ்டீயரிங்கோடு சேர்க்கும் கவ்வியில், பிடிக்கப்பட்டிருக்கும், மெல்லிய குழாய் கீழே சக்கரத்தோடு இருக்கும். வளையவே வளையாது. குறை அதில் இல்லை. அது பிறந்த வண்டியும் நம் வண்டியும் வேறு வேறு என்பதுதான் சிக்கல்.

முதலில் ஸ்பிரிங். 390 டியூக் 160 கிலோவுக்கு மேல். அதன் முன் ஸ்பிரிங், வண்டியும் ஆளும் சேர்ந்த முன்பக்கச் சுமைக்காகச் செய்தது. 70 கிலோ ஆள் ஒருவர் இரண்டு வண்டியிலும் ஏறுவதாக வைத்துக் கணக்குப் போட்டால், டியூக்கின் ஸ்பிரிங் தாங்கும் சுமை ஆர்எக்ஸில் உள்ளதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அந்த ஸ்பிரிங்கை ஆர்எக்ஸில் வைத்தால் அமுங்காது. அமுங்காத ஃபோர்க் இரும்புக் கம்பிக்குச் சமம். குழியில் அடி நேராக மணிக்கட்டுக்கு வரும், வளைவில் டயர் துள்ளும்.

அடுத்தது விறைப்பு. சுவரின் கனம் ஒன்றாக இருந்தால் குழாயின் விறைப்பு விட்டத்தின் மும்மடிக்கு ஏறும். 30 மி.மீ. குழாயை 43 மி.மீ. ஆக்கினால் விறைப்பு ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முன்பு ஃபோர்க் கொஞ்சம் வளைந்து வாங்கிக்கொண்ட அடியெல்லாம் இப்போது நேராக ஃபிரேமின் கழுத்துக்குப் போகிறது. அந்தக் கழுத்தை யமஹா மெல்லிய ஃபோர்க்குக்கும் டிரம் பிரேக்குக்கும் கணக்குப் பார்த்து வெல்டு செய்தது. நல்ல டிஸ்க்கை முழுதாகப் பிடித்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். வண்டியும் ஆளும் சேர்ந்து 173 கிலோ. புவியீர்ப்பு முடுக்கத்தில் 80 சதவீத அளவுக்கு வேகம் குறைந்து வண்டி நின்றால் முன் டயரில் சுமார் 138 கிலோ எடைக்குச் சமமான விசை பின்னோக்கி இழுக்கிறது. தரையிலிருந்து கழுத்து வரையுள்ள மொத்த நீளமும் கடப்பாரைபோல் நின்று கழுத்தை நெம்புகிறது. பழைய ஃபிரேமில் கழுத்து வெல்டுக்குப் பக்கத்தில் மயிரிழை விரிசல் விட்ட வண்டிகளைப் பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். ஓட்டுபவரின் உயிர் அந்த மயிரிழையில் தொங்குகிறது. அதை நினைத்தால் அழகு பற்றிப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

மூன்றாவது, ஷாக்குக்குக் கீழே உள்ள எடை. சக்கரம், டிஸ்க், காலிப்பர், அச்சு எல்லாம் சாலையோடு சேர்ந்து ஏறி இறங்குபவை. மேலே இருக்கும் வண்டி எவ்வளவு லேசோ, கீழே இருப்பதும் அதற்கேற்ப லேசாக இருக்கவேண்டும். கீழே கனம் கூடினால் சக்கரம் குழியில் இறங்கி ஏறும்போது மேலே உள்ள வண்டியையும் சேர்த்து உதைக்கும். 160 கிலோ வண்டியின் அகல அலாய் சக்கரத்தை 100 கிலோ வண்டியில் போட்டால் எந்த விலை ஷாக்காலும் அதை அடக்க முடியாது.

எதை எடுத்தேன்

125 சிசி வகுப்பு வண்டி ஒன்றின் சாதாரண டெலஸ்கோபிக் ஃபோர்க். யூஎஸ்டி இல்லை. குழாய் ஆர்எக்ஸினுடையதைவிடச் சற்றே தடிமன். காலிப்பர் மாட்டும் காது கீழ்க்குழாயிலேயே உண்டு, 240 மி.மீ. டிஸ்க் வரும். சக்கரத்துக்கு 18 அங்குல ஸ்போக் ரிம்மையே வைத்துக்கொண்டு, டிஸ்க் ஹப்பில் கோத்தோம்.

17 அங்குல அலாய் போட்டால் உயரம் குறையுமே என்று சிலர் கேட்பார்கள். குறையாது என்பது சுவாரசியமான கணக்கு. ஆர்எக்ஸின் 2.50-18 டயரின் ஆரம் சுமார் 292 மி.மீ. 100/80-17 டயரின் ஆரம் சுமார் 296 மி.மீ. ரிம் சின்னதானாலும் டயரின் உயரம் அதை ஈடுகட்டிவிடுகிறது. ஆகவே 17-ஐ வேண்டாம் என்றது உயரத்துக்காக இல்லை, எடைக்காகத்தான். அகல டயர் பார்வைக்குக் கம்பீரம். ஆனால் 11 குதிரைசக்திக்கு அது சுமை, திரும்பும்போது மந்தம்.

பிறகு நீளம். ஃபோர்க் மாற்றும்போது அளக்கவேண்டிய முதல் அளவு, கழுத்தின் அடிப் பேரிங்கிலிருந்து அச்சு வரை உள்ள நீளம். ஆர்எக்ஸின் வீல்பேஸ் 1240 மி.மீ. முன்பக்கம் 20 மி.மீ. உயர்ந்தால் வண்டி முழுதும் ஏறக்குறைய ஒரு டிகிரி பின்னால் சாய்கிறது. டிரெயில் 5, 6 மி.மீ. கூடுகிறது. டிரெயில் என்பது, ஸ்டீயரிங் அச்சின் கோட்டை நீட்டினால் அது தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம். கூடினால் நேரில் நிதானம், வளைவில் பிடிவாதம். குறைந்தால் வளைவில் சுறுசுறுப்பு, வேகத்தில் நடுக்கம். அதேபோல டி-யின் ஆஃப்செட். கழுத்துக்குள் போகும் ஸ்டெம்முக்கும் ஃபோர்க் குழாய்களுக்கும் நடுவே உள்ள அந்தத் தூரம் கூடினால் டிரெயில் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறையும். ஆர்எக்ஸின் ஆஃப்செட்டும் வாங்கப்போகும் டி-யின் ஆஃப்செட்டும் நெருங்கி இருக்கின்றனவா என்று பார்க்காமல் பழைய பொருள் கடையில் பணம் கொடுக்காதீர்கள். சென்னையில் புதுப்பேட்டைக்கோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கோ போகும்போது கையில் வெர்னியரும் டேப்பும் இருக்கட்டும். கடைக்காரர்கள் கோபிக்கமாட்டார்கள். அளந்து வாங்குபவரைக் கண்டால் உள்ளேயிருந்து நல்ல பொருளை எடுத்துவந்து காட்டுவார்கள்.

ஸ்டெம் வேலைக்குக் கோவை லேத் பட்டறைகளை விட்டால் எனக்கு வேறு இடம் தெரியாது. பம்புக்கும் மில்லுக்கும் உதிரி பாகம் செய்தே வளர்ந்த ஊர். புதிய டி-யின் ஸ்டெம்மைப் பிரஸ்ஸில் வெளியே தள்ளிவிட்டு, ஆர்எக்ஸின் கழுத்து நீளத்துக்கும் பேரிங் அளவுக்கும் ஏற்ப ஈஎன்24 இரும்பில் புது ஸ்டெம் கடைந்தோம். அதை டி-யில் இறுக்கப் பொருத்தமாக பிரஸ் செய்து, அடியில் பூட்டு வளையம் போட்டோம். ஃபிரேமில் ஒரு வெல்டுகூட வைக்கவில்லை. நாளைக்கே பழைய ஃபோர்க்கைத் திரும்ப மாட்டவேண்டும் என்றால் ஒரு மதியத்தில் மாட்டிவிடலாம். பழைய வண்டிக்கு நாம் செய்யும் எந்த வேலையும் திரும்பப் பிரித்தெடுக்கக் கூடியதாக இருக்கவேண்டும் என்பது என் ஆழ்ந்த நம்பிக்கை. நமக்குப் பிறகும் அந்த வண்டிக்கு வாழ்க்கை உண்டு.

ஃபோர்க்கின் உள்ளே

வெளியே தெரியாத இடத்தில்தான் உண்மையான முன்னேற்றம் இருக்கிறது. சாதாரண ஃபோர்க்கில் டாம்பிங் என்பது, ஒரு கம்பியில் உள்ள சில ஓட்டைகள் வழியே ஆயில் போய்வருவது. ஊசி மருந்துக் குழாயை மெதுவாக அழுத்தினால் சுலபமாகப் போகும், வேகமாக அழுத்தினால் கல்லாக நிற்கும் இல்லையா? அதேதான். எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏறுகிறது. அதனால் பிரேக் பிடிக்கும் மெதுவான அமுக்கத்துக்கு எதிர்ப்பு போதாமல் முன்பக்கம் குப்பென்று குனிகிறது. வேகத்தடையின் திடீர் அடிக்கு எதிர்ப்பு மிதமிஞ்சிக் கை அதிர்கிறது. கெட்டி ஆயில் ஊற்றினால் முதல் குறை தீரும், இரண்டாவது மோசமாகும். மெல்லிய ஆயில் ஊற்றினால் தலைகீழ்.

இதற்கு எமுலேட்டர் என்று ஒரு சின்ன வால்வு இருக்கிறது. அமெரிக்காவின் ரேஸ் டெக் இதைப் பிரபலப்படுத்தியது. டாம்பிங் கம்பியின் தலையில், மெயின் ஸ்பிரிங்குக்குக் கீழே உட்காரும். கம்பியின் பழைய அமுக்க ஓட்டைகளைப் பெரிதாக்கி, கூடுதலாகச் சிலவும் போட்டுவிட்டால் அவை இனி எதையும் தடுக்காது. தடுப்பது முழுவதும் அந்த வால்வின் பொறுப்பு. மெதுவான அமுக்கத்தில் அது மூடியிருந்து தாங்கும், திடீர் அடியில் தன் குட்டி ஸ்பிரிங்கை அமுக்கித் திறந்து ஆயிலை விடும். குழாயின் உள்விட்டத்துக்குச் சரியான அளவைத் தேடி வாங்கவேண்டும். யூஎஸ்டி ஃபோர்க்குக்குக் கொடுக்கும் விலையோடு ஒப்பிட்டால் இது சின்னத் தொகை. இந்த வண்டியில் போட்ட பொருள்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

பின்பக்கம்: இரண்டு ஷாக்கே போதும்

மோனோஷாக்கின் வரலாற்றைப் புகழ்ந்துவிட்டு என் வண்டியில் ஏன் அதை வைக்கவில்லை? ஆர்எக்ஸில் அந்த இடம் காலியாக இல்லை. சீட்டுக்கு அடியில், நடுவில், ஏர் ஃபில்டர் பெட்டி இருக்கிறது. பக்கத்திலேயே டூ ஸ்ட்ரோக் ஆயில் டேங்கும் பேட்டரியும். மோனோஷாக் வைப்பவர்கள் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கார்ப்பரேட்டரில் கூம்பு ஃபில்டர் மாட்டுவார்கள். டூ ஸ்ட்ரோக்குக்கு அந்தப் பெட்டியின் கொள்ளளவும் இன்ஜின் மூச்சு இழுக்கும் கணக்கில் சேர்ந்தது. அதை எடுத்தால் காற்று கூடிப் பெட்ரோல் குறைகிறது. அந்த மிக்ஸ்சரில் ஜெட்டை மாற்றாமல் முழு ஆக்சிலேட்டரில் பிடித்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பின் ஷாக்கில் தொடங்கிய ஆசை சிலிண்டரில் போய் முடியும்.

மேலும், இரண்டு ஷாக் வண்டியின் பின் ஃபிரேம் சுமையை மேலே இரண்டு பக்கமும் வாங்கிக்கொள்ளக் கட்டப்பட்டது. நடுவில் ஒரு இடத்தில் வெல்டு வைத்து எல்லாச் சுமையையும் அங்கே கொண்டுபோனால் அந்தக் குழாய் அதற்குத் தயாராக இல்லை. மோனோஷாக் நெம்புகோல் கணக்கில் வேலை செய்வது, சக்கரத்தில் விழும் சுமையைப்போல் இரண்டு மூன்று மடங்கு அந்த இடத்தில் விழும்.

ஆகவே கேஸ் நிரப்பிய இரட்டை ஷாக். உள்ளே நைட்ரஜன் அழுத்தம் இருப்பதால் ஆயில் நுரைக்காது. மோசமான சாலையில் நெடுநேரம் ஓடினாலும் டாம்பிங் தளராது. ரீபவுண்டைத் திருகிச் சரிசெய்யலாம். தாய்லாந்தின் ஒய்எஸ்எஸ் போன்றவை விதவிதமான ஸ்பிரிங்கோடு கிடைக்கின்றன. வண்டியின் எடையையும் உங்கள் எடையையும் சொல்லி, அதற்கேற்ற ஸ்பிரிங்கைக் கேட்டு வாங்குங்கள். பெரிய வண்டியின் ஷாக் பொருந்துகிறது என்பதற்காக மாட்டாதீர்கள். கண்ணுக்குக் கண் நீளத்தையும் மறக்காதீர்கள். பின்பக்கம் 10 மி.மீ. உயர்ந்தால் ஸ்டீயரிங் கோணம் ஏறக்குறைய அரை டிகிரி நிமிர்கிறது. என் புது ஃபோர்க் சில மி.மீ. நீளம் கூடியிருந்ததால், டி-யில் குழாயைக் கொஞ்சம் மேலே ஏற்றிப் பிடித்து, பின் ஷாக்கைக் கம்பெனி நீளத்திலேயே வைத்துச் சமன்செய்தேன்.

ஸாக் பார்ப்பது

பொருள்களை மாட்டியதோடு வேலை முடிவதில்லை. சொல்லப்போனால் அங்கேதான் தொடங்குகிறது. ஃபோர்க் குழாயில் ஒரு கேபிள் டையைச் சுற்றிக்கொள்ளுங்கள். ஒரு நண்பர் ஹேண்டிலைத் தூக்கி முன் சக்கரத்தைக் காற்றில் பிடிக்கட்டும். சீலுக்கு மேலே தெரியும் குழாயின் நீளத்தை அளந்து எழுதுங்கள். பிறகு ஹெல்மெட், ஷூவோடு வண்டியில் ஏறி இரண்டு காலையும் ஃபுட்ரெஸ்டில் வைத்து உட்காருங்கள், இன்னொருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும். மறுபடி அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஸாக். ஃபோர்க்கின் மொத்த அசைவு 100 மி.மீ. என்றால் 25 முதல் 33 மி.மீ. வரை இருக்கவேண்டும். கூடுதலாக அமுங்கினால் ஸ்பிரிங்குக்கு மேல் ஸ்பேசர் வையுங்கள், குறைவாக அமுங்கினால் ஸ்பேசரைக் குறையுங்கள். ஸ்பேசரில் சரிவராவிட்டால் ஸ்பிரிங்கே தப்பு, மாற்றத்தான் வேண்டும். பின்பக்கமும் இதே முறை.

இந்தச் சோதனையை டியூக் ஃபோர்க் மாட்டிய ஆர்எக்ஸில் செய்து பாருங்கள். கேபிள் டை கொஞ்சம்தான் நகரும். நான் சொல்ல வந்த மொத்த விஷயமும் அந்தக் கொஞ்சத்தில் இருக்கிறது.

ஆயில் அளவை மில்லி கணக்கில் மட்டும் ஊற்றாதீர்கள். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஃபோர்க்கை முழுதும் அமுக்கிவைத்து, மேல் விளிம்பிலிருந்து ஆயில் மட்டம் வரை இரண்டு பக்கமும் ஒரே ஆழம் இருக்கிறதா என்று அளக்கவேண்டும். மேலே மிஞ்சும் காற்றும் ஒரு ஸ்பிரிங்தான்.

சட்டம்

இதைச் சொல்லாமல் விட்டால் பதிவு நேர்மையாக இருக்காது. 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்து வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாக உறுதிசெய்தது. ஃபிரேமை வெட்டுவது, வேறு இன்ஜின் வைப்பது எல்லாம் நேராக இதில் மாட்டும். 2021-இல் வந்த விண்டேஜ் விதிகளும் 50 வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்குத்தான். எந்த ஆர்எக்ஸுக்கும் அந்த வயது இன்னும் வரவில்லை. ஆகவே ஃபோர்க், பிரேக் மாற்றும் முன் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் தெளிவு பெறுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். வேகம் பார்க்கவேண்டும் என்றால் செட்டிபாளையம் கரி டிராக்கும் இருங்காட்டுக்கோட்டை டிராக்கும் இருக்கின்றன. சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில் டூ ஸ்ட்ரோக்குகள் சீறிய காலம் போய்விட்டது, ஆனால் அந்த ஆர்வத்துக்கு முறையான இடம் இன்றும் உண்டு. ஊர்த் தெரு அதற்கான இடம் கிடையாது.

ஓட்டிப் பார்த்ததில்

ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். சஸ்பென்ஷனின் உண்மையை அறிய இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. பழைய ஷாக்கில் ஏறும்போது, வளைவின் நடுவே தார் பெயர்ந்த இடம் வந்தால் பின் சக்கரம் ஒரு விரல் வெளியே தள்ளும், ஆக்சிலேட்டரை விட்டுவிடுவோம். டூ ஸ்ட்ரோக்கில் ஆக்சிலேட்டரை விட்டால் திரும்ப அந்த சக்தியைப் பிடிக்க நேரமாகும், ஏற்றத்தில் வண்டி மூச்சுவாங்கும். இப்போது அதே இடத்தில் பின் சக்கரம் ஒரு முறை இறங்கி ஏறி அடங்கிவிடுகிறது. கையைத் தளர்த்தவேண்டியதில்லை. இன்ஜினில் ஒரு குதிரைசக்திகூடக் கூட்டாமல் வண்டி வேகமாகிவிட்டது. இறக்கத்தில் இன்னும் பெரிய வித்தியாசம். டூ ஸ்ட்ரோக்கில் இன்ஜின் பிரேக்கிங் சொற்பம். எல்லாப் பொறுப்பும் முன் பிரேக்குக்குத்தான். டிஸ்க்கைப் பிடிக்கும்போது முன்பக்கம் குனிந்து விழாமல் நிதானமாக இறங்கி நிற்கிறது, டயர் தரையைக் கவ்வுகிறது.

இத்தனைக்கும் வண்டியின் எடை ஐந்து கிலோவுக்குள்தான் கூடியிருக்கிறது. கைகளுக்கு அது இன்னும் பழைய ஆர்எக்ஸ்தான்.

நீங்களும் கட்டப் போகிறீர்கள் என்றால் பணத்தை இந்த வரிசையில் செலவிடுங்கள். முதலில் புஷ், பேரிங், கோன் செட், நல்ல டயர். அடுத்து பின் ஷாக். அதற்கடுத்து இருக்கிற ஃபோர்க்கிலேயே சரியான ஸ்பிரிங், ஆயில், முடிந்தால் எமுலேட்டர். இதோடு ஒரு மாதம் ஓட்டுங்கள். பலருக்கு இதுவே போதும், டிரம் பிரேக்குக்குப் புது ஷூவும் கேபிளும் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். அதற்கு மேலும் வேண்டும் என்றால் மட்டும் டிஸ்க் உள்ள ஃபோர்க்கைத் தேடுங்கள், அதுவும் உங்கள் வண்டியின் எடையை ஒட்டிய வண்டியிலிருந்து.

தேடப் புறப்படும் முன் வீட்டில் உள்ள இரண்டு எடை மெஷின்களை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் கீழே வைத்து வண்டியை எடை போடுங்கள். பிறகு நீங்களும் ஏறி உட்கார்ந்து இன்னொரு முறை போடுங்கள். அந்த எண்களை ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால், எதை வாங்குவது, எதைத் தொடாமல் வருவது என்பதில் உங்களுக்குக் குழப்பமே வராது.